ஓட்டை என்று எழுதும் முன்

அன்புள்ள இளம் டாக்டருக்கு,

கிருஷ்ணகிரி மாவட்டத்து ராயக்கோட்டையில் காது காட்ட வருகிறவர்கள் பெரும்பாலும் 'காது அடைச்சாப்ல இருக்குதுங்க' என்றுதான் ஆரம்பிப்பார்கள். தக்காளி மண்டியில் லோடு ஏற்றுபவர், ஓசூருக்குக் கம்பெனி பஸ்ஸில் போய் வருபவர், தமிழில் தொடங்கித் தெலுங்கில் முடிக்கும் பாட்டி என்று வரிசை கலந்திருக்கும். சிலருக்குச் செவிப்பறையின் பின்மேல் மூலையில், உள்ளே இருக்கும் சின்ன எலும்பு பளிச்சென்று தெரியும். புதிய கை உடனே சீட்டில் 'ஓட்டை' என்று எழுதிவிடும்.

பல நேரம் அங்கே ஓட்டையே இருக்காது. பறை மெலிந்து, நிறமற்றுப்போய், பட்டடை எலும்பின் மேலும் அங்கவடி எலும்பின் மேலும் ஈரத்துணி போல ஒட்டிக் கிடக்கும். சீகிள் ஸ்பெகுலத்தைக் காதில் வைத்து அதன் ரப்பர் பல்பை மெல்ல அழுத்தி விட்டால், 'ஓட்டை' என்று நினைத்த இடம் குமிழாக எழும்பி வரும். இரண்டு நிமிட வேலைதான். அவசரத்தில் விட்டுப்போவதும் இதுதான்.

நல்ல செவிப்பறையே சுமார் 0.1 மில்லிமீட்டர்தான். வெளியே தோல், உள்ளே சவ்வு, நடுவில் நார், விறைப்பெல்லாம் நாரில். சிறு வயதில் சீழ் வந்து விழுந்த ஓட்டை மூடும்போது, நடு அடுக்கு இல்லாமலே மூடிக்கொள்வதுண்டு. அங்கே பறை தொய்யும். தொய்ந்த பறை உள்ளே போவது இப்படித்தான்: நடுச்செவிக் காற்றைச் சுற்றியுள்ள சவ்வு உறிஞ்சிக்கொண்டே இருக்கும். விழுங்கும்போதும் கொட்டாவி விடும்போதும் யூஸ்டேஷியன் குழல் திறந்து அதை ஈடுகட்ட வேண்டும். குழல் சரியாகத் திறக்காவிட்டால் பறை உள்ளே இழுபடும். ஓசூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு பஸ் இறங்கும்போது அடைத்த காது, எச்சில் விழுங்கினால் விடுகிறதா என்று கேளுங்கள். எந்த மெஷினும் இல்லாமல் கிடைக்கும் நல்ல தகவல் அது.

பிரஸ் ஷாப்பில் வேலை பார்ப்பவர், 'மெஷின் சத்தத்துல ஜவ்வு தேஞ்சிருச்சு' என்பார். தொழிற்சாலை இரைச்சல் பறையைத் தேய்ப்பதில்லை; அது உட்செவியின் நுண்மயிர்ச் செல்களைத்தான் கெடுக்கும். ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் அருகே பள்ளம் விழுந்தால் அது வேறு கணக்கு. ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம்.

1976-இல் சடே, பெர்கோ என்ற ஆய்வாளர்கள் பறையின் இந்த உள்ளிழுப்பை நான்கு படியாகப் பிரித்தார்கள்: லேசாக உள்வாங்கியது, எலும்பைத் தொட்டது, நடுச்செவியின் உட்சுவரைத் தொட்டது, அங்கேயே ஒட்டிப்போனது. படி எண்ணைவிட முக்கியம், பறை இழுபட்ட குழிவின் அடி கண்ணுக்குத் தெரிகிறதா என்பது. தெரிந்து, உலர்ந்து, சுத்தமாக இருந்தால் பொறுத்துப் பார்க்கலாம். அடி தெரியாமல் செதில் சேர்ந்தால் கொலஸ்டியடோமாவை (எலும்பை அரிக்கும் செதில் கட்டி) சந்தேகிக்க வேண்டும். நாற்றத்தோடு காது ஒழுகினாலோ, தலை சுற்றினாலோ, முகம் கோணினாலோ தாமதிக்காமல் மேல் சிகிச்சைக்கு அனுப்புங்கள். 2022 ஜனவரியில் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி கிருஷ்ணகிரியிலேயே இருக்கிறது.

இன்னொரு வேடிக்கை. பட்டடையின் நீள்முனை அரித்துப்போனவருக்கும் சில சமயம் நன்றாகவே கேட்கும். பறை நேராக அங்கவடியின் மேல் படிந்து ஒலியைக் கடத்துகிறது. அவருக்கு அவசரப்பட்டு ஆபரேஷன் சொன்னால், இருக்கிற கேட்கும் திறனும் குறையலாம். அறுவை தேவைப்படுபவருக்குக் காது முன்மடலின் குருத்தெலும்பைச் சீவி வைப்பது நல்ல வழி. மெல்லிய தசையுறையைவிட அது இழுப்பைத் தாங்கும். பறையில் பொருத்தும் கிராமெட் குழாய் காற்றோட்டம் தரும், ஆனால் மெலிந்த இடத்தில் போட்டால் நிரந்தர ஓட்டை விழலாம்.

வீட்டுக்கு அனுப்பும்போது எண்ணெய் விட வேண்டாம், ஊக்கால் குடைய வேண்டாம், சளி பிடித்திருக்கையில் மூக்கைப் பொத்தி ஊத வேண்டாம் என்று அவரவர் மொழியில் சொல்லுங்கள். மூக்கடைப்பையும் கவனியுங்கள். சீட்டில் பறையை வட்டமாக வரைந்து குழிவைக் குறித்துக் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து மறுபரிசோதனைக்கு வருவதற்குள் சீட்டைத் தொலைத்துவிடுவார்கள். செல்போனில் அதைப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.