மரத்த காலுக்கு எந்த ஒளி?

14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை வெறுங்காலோடு சுற்றும் ஊர் திருவண்ணாமலை. சர்க்கரை நோயால் பாதம் மரத்தவருக்குக் கல் குத்தினாலும் தெரியாது, தார் சுட்டாலும் தெரியாது. அப்படிப்பட்டவர் முன் இன்று மூன்று ஒளி சிகிச்சைகள் வைக்கப்படுகின்றன: பிசியோதெரபி அறையின் இன்ஃப்ராரெட் (அகச்சிவப்பு) விளக்கு, குறைந்த ஆற்றல் லேசர், வீட்டிலேயே காலில் கட்டிக்கொள்ளும் எல்.இ.டி. பட்டை. ஒளியால் நரம்பு மண்டலத்துக்கு நன்மையே இல்லை என்று சொல்ல முடியாது. மஞ்சள் காமாலை கண்ட பச்சிளங்குழந்தையின் மேல் விழும் நீல ஒளி, தோலிலுள்ள பிலிருபினை உடல் எளிதில் வெளியேற்றும் வடிவுக்கு மாற்றி, மூளையைக் காக்கிறது. அங்கே பலனை ரத்தப் பரிசோதனையிலேயே அளந்துவிடலாம். மரத்த காலுக்கும் அதே கறாரான அளவுகோல்தான் வேண்டும்.

சிவப்பு, அகச்சிவப்பு ஒளியை செல்லின் மைட்டோகாண்ட்ரியா உறிஞ்சி ஆற்றல் உற்பத்தியைக் கூட்டுகிறது என்பதே லேசருக்கும் பட்டைக்கும் சொல்லப்படும் அடிப்படை. ஆய்வகத் தட்டில் வளரும் செல்லுக்கு அது பொருந்தலாம். பாதத்திலோ தோலையும் கொழுப்பையும் கடப்பதற்குள் ஒளி பெரிதும் மங்கிவிடும். 2008இல் அமெரிக்காவில் வெளியான லாவெரி குழுவின் ஆய்வில் 69 சர்க்கரை நோயாளிகள் இரு பிரிவாக, 90 நாட்கள், நாள்தோறும் 40 நிமிடம் வீட்டிலேயே சிகிச்சை எடுத்தார்கள். ஒரு பிரிவுக்கு நிஜ அகச்சிவப்பு எல்.இ.டி. பட்டை, மற்றதற்குப் போலி. உணர்ச்சியிலும் சரி, நரம்பின் கடத்து வேகத்திலும் சரி, இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஆகவே பட்டைக்குப் பணம் போடாதீர்கள். "கட்டியதும் எரிச்சல் குறைந்ததே" என்பவரின் அனுபவம் பொய்யல்ல. ஆனால் நரம்பு வலி தானாகவே ஏறி இறங்கும்; அதனால்தான் போலிக் கருவியோடு ஒப்பிட வேண்டியிருக்கிறது. லேசர் வலியைத் தணிப்பதாகச் சில சிறு ஆய்வுகள் சொல்கின்றன, அலைநீளமும் அளவும் ஆய்வுக்கு ஆய்வு மாறுகின்றன. மருத்துவர் சொன்னால், மாத்திரையை நிறுத்தாமல், கூடுதலாக எடுத்துப் பார்க்கலாம். விளக்கு மட்டும் மரத்த காலுக்கு வேண்டவே வேண்டாம். "சுடுது" என்று நோயாளி சொல்வதுதான் அதற்குள்ள பாதுகாப்பு. அந்த உணர்ச்சியே போன காலில் சுட்டது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும்.

பட்டைக்கோ லேசருக்கோ பக்கவிளைவு இல்லாதபோது முயன்றால் என்ன நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் காலத்தில் இருக்கிறது. மெட்ஃபார்மின் பல ஆண்டு சாப்பிடுபவருக்கு பி12 குறைந்தும் கால் மரக்கலாம். அதை ஊசியோ மாத்திரையோ சரிசெய்யும், தாமதித்தால் பாதிப்பு நிலைத்துவிடக்கூடும். எனவே முதல் செலவு பி12 பரிசோதனைக்கும், பாதத்தில் 10 கிராம் நைலான் இழையை அழுத்திப் பார்க்கும் சோதனைக்கும் ஆகட்டும். இழை பட்டது தெரியாதவர் அடுத்த பௌர்ணமிக்கு மெத்தென்ற எம்.சி.ஆர். ரப்பர் செருப்போடு மலையைச் சுற்றட்டும். வீடு திரும்பியதும் உள்ளங்காலை இன்னொருவர் பார்க்கட்டும்.