வண்டல் அடிக்கும் முன் ஒரு நிமிஷம்



போன கோடையில் மணிமங்கலத்தில் பக்கத்துக் கழனிக்காரர் கேட்டார்: "அனகாபுத்தூர் பக்கம் ஆத்துல தூர் வார்றாங்களாம். நாலு டிராக்டர் வண்டல் அடிச்சுக்கலாமா?" ஏரி வண்டலால் வளர்ந்த மண்தான் நம்முடையது. ஆனாலும், "கொஞ்சம் பொறுங்கண்ணே" என்றேன். காரணம் இதுதான்.

நம்ம பகுதி ஏரிகளின் உபரிநீர்தான் அடையாறு. முடிச்சூர், திருநீர்மலை, அனகாபுத்தூர் வழியாக ஓடிக் கடலில் சேருகிறது. வழியில் பம்மல், நாகல்கேணி தோல் பதனிடும் ஊர்கள். குரோம்பேட்டை என்ற பேரே குரோம் தோல் தொழிற்சாலையால் வந்தது.

கழிவில் வரும் குரோமியம், ஈயம் போன்ற உலோகங்கள் களித்துகளில் ஒட்டிக்கொள்ளும். முகத்துவாரத்தில் உப்புநீர் பட்டதும் களி திரண்டு அடியில் படியும். வருஷா வருஷம் ஏடு ஏடாகச் சேரும். ஆய்வாளர்கள் சேற்றில் குழாயைச் செருகி எடுத்து, அங்குலம் அங்குலமாக நறுக்கிச் சோதிப்பார்கள். வயசைக் காட்ட ஈயம்-210 உண்டு. 22 வருஷத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். அணுகுண்டுச் சோதனைகளில் விழுந்த சீசியம்-137 1963 வாக்கில் உச்சம். அந்த ஏடு ஒரு மைல்கல்.

இதில் இரண்டு ஏமாற்றம் உண்டு. மணலில் உலோகம் குறைவாக ஒட்டும், களியில் கூடுதலாக ஒட்டும். அதனால் களியைக் களியோடுதான் ஒப்பிட வேண்டும். பாறையிலும் இயற்கையாகக் கொஞ்சம் குரோமியம் உண்டு. ஆகவே அதே இடத்தின் ஆழமான, பழைய ஏட்டைத்தான் அளவுகோலாக வைக்கணும். 2015 டிசம்பர் மாதிரி வெள்ளம் வந்தால் ஏடுகளே கலைந்தும் போகும்.

நமக்கு என்ன பாடம்? சாணமும் தழையும் மக்கும். குரோமியமும் ஈயமும் மக்காது. பஞ்சகவ்யம் ஊற்றினாலும் போகாது. கழனியில் ஒருமுறை கலந்தால் பிரித்தெடுப்பது ரொம்பக் கஷ்டம்.

வண்டல் எடுக்கும் முன்:

1. மழைநீர் மட்டும் வரும் ஏரியா, சாக்கடையும் ஆலைக்கழிவும் கலந்ததா என்று வரத்துக் கால்வாயில் நடந்து பாருங்கள்.
2. ஐந்தாறு இடத்தில், மேல் சேறும் ஓரடி ஆழச் சேறும் தனித்தனியாக எடுங்கள். இரும்புக் கரண்டி வேண்டாம், பிளாஸ்டிக் போதும்.
3. ஆய்வகத்தில் "கன உலோகம்" என்று சொல்லிக் கேளுங்கள். சாதாரண மண் பரிசோதனை தழை, மணி, சாம்பல் போன்ற சத்துகளைத்தான் காட்டும்.

அண்ணன் கடைசியில் நம்ம ஊர் ஏரி வண்டலையே அடித்தார். வாடகை கொஞ்சம் கூடத்தான். ஆனால் அந்த வண்டல் எங்கிருந்து வந்ததென்று அவருக்குத் தெரியும்.