எந்த ரெண்டு கிழமை?

லண்டன் டூட்டிங்கில் இருக்கும் என் தம்பி, கிளினிக்கில் தந்த படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தான். கடந்த இரண்டு கிழமை எப்படி இருந்தது என்று மொத்தம் ஒன்பதே கேள்விகள்.

"அக்கா, 'பல நாட்கள்' எண்டால் எத்தனை நாள்? நாலா, ஆறா?"

அவனுக்கு ஆட்டிசம் இருப்பது 36 வயதில்தான் தெரியவந்தது. எந்தச் சொல்லையும் அது சொல்கிறபடியே எடுத்துக்கொள்பவன்.

அந்தப் படிவம் பிஎச்கியூ-9. மனச்சோர்வை 27 புள்ளிக்குள் அளப்பது. பதற்றத்துக்கு ஜிஏடி-7, அது 21 புள்ளி. தமிழர் நிறைந்த ஈஸ்ட்ஹாம் அடங்கிய நியூஹாமிலும் டொன்காஸ்டரிலும் 2006இல் வெள்ளோட்டம் பார்த்து, பிறகு இங்கிலாந்து முழுவதும் பரவிய, பேச்சுவழி மனநலச் சிகிச்சைச் சேவையில் ஒவ்வொரு சந்திப்புக்கும் இவை உண்டு. முதலாவதில் 10, இரண்டாவதில் 8 வந்தால் கவனிக்க வேண்டிய நிலை என்று கணக்கு.

ஆனால் கேள்விகளைப் பாருங்கள்: தூக்கம், பசி, கவனம், நிலைகொள்ளாமல் அசைவது. தம்பி சின்ன வயதிலிருந்தே இரவு இரண்டு மணிக்கு முன் தூங்கியதில்லை. கால் ஆட்டாமல் இருந்ததும் இல்லை. அது நோயா, அவன் இயல்பா? கூட்டித் தரும் எண்ணுக்கு அது தெரியாது. மறுபக்கம், மனம் உண்மையில் இருண்ட நாட்களில் "ஒண்டுமில்லை" என்பான். அவன் மறைக்கவில்லை, அவனுக்கே பிடிபடவில்லை. தன் உணர்வை இனங்காண முடியாத இந்த நிலை ஆட்டிசம் உள்ளவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு உண்டு என்று, பல ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியான ஆய்வு சொல்கிறது.

எங்களுக்குக் கைகொடுத்தவை சில. படிவத்தை முன்கூட்டியே கேட்டு வாங்கி, நாட்காட்டியை விரித்து வைத்து வீட்டிலேயே நிரப்பினோம். கூடுதல் நேரம், எழுத்தில் கேள்வி போன்ற நியாயமான மாற்றங்களைக் கேட்க 2010ஆம் ஆண்டின் சமத்துவச் சட்டம் இடம் தருகிறது, கூச்சப்படத் தேவையில்லை. உயிரை விடும் எண்ணம் பற்றிய ஒன்பதாவது கேள்வியை நான் சுற்றி வளைக்காமல் நேராகக் கேட்டேன். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது.

எல்லாவற்றையும்விட உதவியது, ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் எழுதிய இரண்டே சொல்: 'எப்பவும் இப்படி' அல்லது 'இப்ப புதுசு'. தம்பிக்கு லண்டன் பஸ் தடங்கள் மேல் உயிர். புது மாற்றம் எதையும் கொப்பியில் குறித்துவிடுவான். அந்தக் கொப்பி மாசியோடு வெறுமையாகக் கிடந்ததை நான்தான் கவனித்தேன்.

மூன்றாம் சந்திப்பில் தூக்கத்துக்கு எதிரே 'எப்பவும்', ஆர்வத்துக்கு எதிரே 'மாசியிலிருந்து' என்று எழுதிக் கொடுத்தான். சிகிச்சையாளர் படிவத்தை மடித்து வைத்துவிட்டு, மாசியில் என்ன நடந்தது என்று கேட்டார்.