செடியில் நுரை கண்டால் மருந்துப் போத்தலைத் தேட வேண்டாம்



இந்த முறை வீட்டுத் தோட்டப் பாடத்தில் நுரைப்பூச்சியைப் பற்றிப் பார்ப்போம். கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா ஆபிஸ் வாசலில் கேட்ட கேள்வியால்தான் இந்தப் பாடம் வந்தது. 1977, 1983 கலவரங்களுக்குப் பிறகு நம்ம மலைநாட்டுச் சனத்தில் எத்தனையோ குடும்பம் வன்னிக்குப் போய்க் காடு வெட்டிக் குடியேறியது உங்களுக்குத் தெரியும். வவுனியா, கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் சொந்தக்காரர் இல்லாத லயம் குறைவு. இந்த அக்காவின் தங்கச்சி குடும்பம் வற்றாப்பளையில் இருக்கிறது. நந்திக்கடல் ஓரத்தில், கடல் தண்ணீரில் விளக்கெரியும் கண்ணகி அம்மன் கோயில் இருக்கிறதே, அந்த ஊர்தான். வைகாசிப் பொங்கலுக்குப் போய் வந்தவர்கள் நம்ம தோட்டத்திலும் இருக்கிறார்கள்.

மாரி மழை தொடங்கியபின் தங்கச்சி வீட்டு மல்லிகைக் கொடியிலும் வேலியோரப் புல்லிலும் வெள்ளை வெள்ளையாக நுரை. யாரோ காறித் துப்பிவிட்டுப் போன மாதிரி. போனில் படம் அனுப்பியிருந்தார். பாம்பு துப்பியது என்று ஒருவர், செடிக்கு நோய் என்று இன்னொருவர். பக்கத்து வீட்டில் சின்னப் பிள்ளைகளை அந்தப் பக்கமே விடுவதில்லையாம். அக்கா என்னிடம் கேட்டது இரண்டு கேள்வி. "சேர், எச்சில் பட்ட பூவை அம்மனுக்கு வைக்கலாமா? இல்லாட்டி தோட்டத்து மருந்தில ஒரு போத்தல் கட்டி பஸ்ஸில அனுப்பி விடவா?"

முதல் கேள்விக்கு முதலில் பதில் சொல்கிறேன். அது பாம்பின் எச்சில் இல்லை, தவளையின் எச்சிலும் இல்லை, எவருடைய எச்சிலும் இல்லை. நுரையை ஒரு ஈர்க்கால் மெதுவாக விலக்கிப் பாருங்கள். உள்ளே நெல்மணியை விடச் சின்னதாக, பச்சையாகவோ மஞ்சளாகவோ ஒரு குஞ்சுப் பூச்சி தண்டைப் பிடித்துக்கொண்டு இருக்கும். சில வேளை இரண்டு மூன்றும் இருக்கும். கண் மட்டும் கறுப்பாகத் தெரியும். ஓடத் தெரியாது, கடிக்காது, கொட்டாது. கையில் பட்டால் சும்மா தண்ணீர் மாதிரித்தான்.

இந்தக் குஞ்சு எப்படி நுரை கட்டுகிறது என்பது கேட்கச் சுவாரசியமான விஷயம். செடிக்குள் இரண்டு வகைக் குழாய் ஓடுகிறது. ஒன்று இலையில் சமைத்த சீனிச்சாற்றை மற்றப் பக்கங்களுக்குக் கொண்டு போவது. மற்றது வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுவது. மாவு பூசிய மாதிரி இருக்கும் வெண்மூட்டுப் பூச்சியும், கொழுந்து முனையில் மொய்க்கும் அசுவினியும் சீனிச்சாற்றைக் குடிப்பவை. நுரைப்பூச்சி குடிப்பது வேர்த்தண்ணீரை. அதில் நூற்றுக்குத் 99 பங்கு வெறும் தண்ணீர்தான், சத்து மிகக் கொஞ்சம். ஆகவே வயிறு நிரம்ப வேண்டுமானால் ஓயாமல் குடிக்க வேண்டும், குடித்ததை ஓயாமல் வெளியேற்றவும் வேண்டும். ஒரு நாளில் தன் உடம்பு எடையைப் போல நூறு மடங்குக்கு மேலே குடித்துத் தள்ளுகிறது. ஒரு ஆள் நாளைக்கு ஐந்தாயிரம் லீற்றர் குடிப்பதற்குச் சமம் என்று வைத்துக்கொள்ளுங்கள்!

அப்படி வெளியேறும் தண்ணீரோடு உடம்பிலிருந்து ஊறும் ஒரு வழுவழுப்பான பொருளும் சேரும். வயிற்றின் அடியில் ஒரு சின்ன வாய்க்கால் மாதிரி இருக்கிறது. வாலை அசைத்து அதற்குள் காற்றை இழுத்து இந்தத் தண்ணீருக்குள் விடும். சவர்க்காரத் தண்ணீரில் பிள்ளைகள் குழல் வைத்து ஊதும் வேலைதான் இது. குஞ்சு பெரும்பாலும் தலைகீழாக இருப்பதால் நுரை வழிந்து உடம்பு முழுவதையும் மூடிவிடும். வெயிலில் காய்ந்து போகாமல் இருக்கவும், எறும்பு, சிலந்தி, குருவி கண்ணில் படாமல் இருக்கவும் அதுதான் வீடு. நுரையைத் துடைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருந்தால் திரும்பக் கட்டுவதைப் பார்க்கலாம். பிள்ளைகளைத் துரத்துவதை விட்டு, கூப்பிட்டுக் காட்டுங்கள்.

ஆக, அது வாயிலிருந்து வந்ததல்ல, பின்பக்கத்திலிருந்து வந்தது. இதைச் சொன்னதும் அக்கா முகத்தைச் சுளித்தார், எச்சிலே பரவாயில்லை என்றார்! செடி குடித்த கிணற்றுத் தண்ணீர்தான் அது. அம்மனுக்கு நுரை இல்லாத கிளையில் பூப் பறித்தால் போச்சு. மற்றது சாமி காரியம், அதைக் கோயிலில் கேட்டுக்கொள்ளட்டும்.

குஞ்சு ஐந்து பருவம் தாண்டிச் சட்டை கழற்றி வளரும். கடைசியில் நுரை காய்ந்து கூடு மாதிரி ஆகும், அதற்குள்ளிருந்து இறக்கை முளைத்த பூச்சி வெளியே வரும். அதன் பிறகு நுரை கட்டாது. முகம் தவளை மாதிரி, பாய்ச்சலும் அப்படித்தான். ஐரோப்பாவில் உள்ள ஒரு வகை 6 மில்லிமீற்றர் நீளம்தான். அது 70 சென்டிமீற்றர் உயரம் பாய்வதை 2003 ஆம் ஆண்டு இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்து மல்கம் பரோஸ் என்பவர் அளந்து எழுதினார். உடம்பை விட நூறு மடங்குக்கு மேலே! ஆபிரிக்காவில் ஒரு மரத்தில் இந்தக் குஞ்சுகள் கூட்டமாக இருந்து குடித்துத் தள்ளுவதால் மரத்தடியில் மழை பெய்கிற மாதிரிச் சொட்டுமாம். அந்த மரத்துக்கே மழை மரம் என்று பெயர்.

இனிக் கெடுதல் உண்டா என்ற கேள்வி. வீட்டுத் தோட்டத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நுரை இருந்தால் செடிக்கு ஒன்றும் ஆகாது. மிகவும் இளசான நுனியில் நாலைந்து சேர்ந்து குடித்தால் அந்த நுனி கொஞ்சம் சுருளலாம், பூ சிறுக்கலாம். அவ்வளவுதான். கண்ணுக்கு அருவருப்பாக இருந்தால் ஒரு வாளித் தண்ணீரை வீசி அடியுங்கள், அல்லது விரலால் வழித்துவிடுங்கள். கீரையில் இருந்தால் கழுவிச் சமைக்கலாம். தேயிலைக்கும் இதனால் பயமில்லை. நம்ம நாட்டுத் தேயிலைக்குப் பெரிய எதிரி என்று சொல்லப்படுவது தண்டைத் துளைக்கும் சின்ன வண்டு, கறையான், சிலந்திப் பூச்சிகள், இலைசுருட்டிப் புழு, வேர்ப்புழு போன்றவை. அந்த வரிசையில் நுரைப்பூச்சி இல்லை.

உலகத்தில் எல்லா இடத்திலும் இது சாது என்று சொல்லவும் முடியாது. திரினிடாட் தீவிலும் பிரேசில் நாட்டிலும் இதே குடும்பத்துப் பூச்சிகள் கரும்பையும் மாட்டுப் புல்லையும் வெளி வெளியாகக் காய வைத்திருக்கின்றன. அங்கே ஒரே பயிரை ஏக்கர் கணக்கில் போடுகிறார்கள், அந்த வகைகள் குடிக்கும்போது விஷத்தையும் இலைக்குள் விடுகின்றன. பிரேசிலில் அதற்கு மருந்தை மட்டும் நம்பாமல், பூச்சியைக் கொல்லும் ஒரு பூஞ்சணத்தை வளர்த்துத் தூவுகிறார்கள். இன்னொன்று இத்தாலிக் கதை. 2013 ஆம் ஆண்டு அந்த நாட்டின் தென்கோடியில் ஒலிவ் மரங்கள் பட்டுப்போவதற்கு ஒரு பக்டீரியாதான் காரணம் என்று கண்டுபிடித்தார்கள். பிறகு லட்சக்கணக்கான மரம் செத்தது. நோயை மரத்துக்கு மரம் காவியது நுரைப்பூச்சி. ஆனால் பூச்சி அந்த ஊரில் காலங்காலமாக இருந்ததுதான். நோய்தான் புதிது. மத்திய அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்த அலங்காரக் கோப்பிச் செடியில் வந்திருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். இந்தியாவுக்குப் போய்வரும் நம்ம ஆட்கள் பையில் ஒளித்து ரோசாக் கம்பும் மல்லிகைக் கன்றும் கொண்டு வருவதை நான் விரும்பாதது இதனால்தான்.

நுரை மாதிரித் தெரியும் மற்றவற்றையும் சொல்லிவிடுகிறேன், ஆட்கள் குழம்புகிறார்கள். பப்பாசியில், செவ்வரத்தையில் வெள்ளையாக அப்பியிருப்பது பெரும்பாலும் வெண்மூட்டுப் பூச்சி. அதில் குமிழி இருக்காது, தொட்டால் மாவு ஒட்டும், எறும்பு ஏறி இறங்கும். சீனிச்சாறு குடிக்கிற பூச்சி இனிப்பாகக் கழிக்கும், அதற்காகத்தான் எறும்பு வருவது. நுரைப்பூச்சியின் தண்ணீரில் அந்த இனிப்பு இல்லை. வெண்மூட்டுப் பூச்சி நிஜமாகவே கெடுதல். 2008 ஆம் ஆண்டு பப்பாசியில் ஒரு புது வகை இலங்கைக்குள் வந்து மேல் மாகாணத்தில் மரங்களை அழித்தது. அதை அடக்கியது மருந்தல்ல. 2009 ஆம் ஆண்டு போர்ட்டோ ரிக்கோவிலிருந்து விவசாயத் திணைக்களம் தருவித்த கடுகளவு குளவிதான் அடக்கியது.

தண்ணீர்த் தொட்டிச் சுவரிலோ, தொட்டிக்கு மேல் தொங்கும் இலையிலோ கைப்பிடி அளவு நுரை இருந்தால் அது மரத்தவளையின் கூடு. பெண் தவளை பின்னங்காலால் அடித்து நுரைத்து அதற்குள் முட்டையிடும், குஞ்சுகள் சில நாளில் தண்ணீருக்குள் விழும். குடிக்கிற தண்ணீர் என்றால் இலையோடு எடுத்துப் பக்கத்துக் குட்டையோரம் வையுங்கள், நெருப்பு வைக்க வேண்டாம். குச்சியில் காய்ந்த பழுப்பு நுரை ஒட்டியிருந்தால் கும்பிடுபூச்சியின் முட்டைக்கூடு. அது நமக்கு நண்பன்.

இப்போது அந்தப் போத்தல் விஷயம். இதில் நான் கொஞ்சம் கண்டிப்பாகத்தான் பேசுவேன்.

தோட்டத்து மருந்து தேயிலைக்கு என்று அளவு பார்த்துக் கொடுப்பது. அடித்தபின் இத்தனை நாள் அந்த மலையில் கொழுந்தெடுக்கக் கூடாது என்று கணக்கும் உண்டு. தங்கச்சி வீட்டு மல்லிகைக்குக் கீழே பொன்னாங்காணி இருக்கிறது, கோழி மேய்கிறது, பக்கத்தில் கிணறு. அங்கே அந்தக் கணக்கை யார் பார்ப்பது? அதிலும் மருந்தை எதில் ஊற்றி அனுப்புவது? சாராயப் போத்தலில், சோடாப் போத்தலில். பெயர் ஒட்டாத போத்தலை இருட்டில் எடுத்துக் குடித்த கதை நம்ம தோட்டப் பக்கங்களில் ஒன்றிரண்டல்ல. இந்த நாட்டில் மிகக் கொடிய விஷங்களை ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டுதான் வந்திருக்கிறார்கள். 1995 ஆம் ஆண்டு மொனோகுரோட்டோபொஸ், 1998 ஆம் ஆண்டு எண்டோசல்பான். அதனால் பல உயிர் தப்பியது. இருந்தாலும் கடையில் மிச்சம் இருப்பதும் விஷம்தான், சர்பத் இல்லை.

மருந்து நல்ல பூச்சியையும் சேர்த்துக் கொல்லும் என்பதற்குத் தேயிலையே சாட்சி. இலைசுருட்டிப் புழுவை அடக்க 1935-36 ஆம் ஆண்டுகளில் ஜாவாவிலிருந்து ஒரு சின்னக் குளவியைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புழுவுக்குள் முட்டையிட்டு அதைக் கொன்று, மலைகளைக் காப்பாற்றியது. பிறகு தண்டு துளைக்கும் வண்டுக்காக டீல்ட்ரின் என்ற மருந்தைப் பரவலாக அடித்தபோது குளவி செத்தது, புழு திரும்பக் கிளம்பியது. ஒன்றுக்கு அடித்த மருந்து இன்னொன்றைக் கிளப்பிவிட்டது. வீட்டுத் தோட்டத்தில் ஒன்றும் செய்யாத நுரைப்பூச்சிக்கு மருந்தடித்தால் சிலந்தியும் கும்பிடுபூச்சியும் முதலில் போகும், அதற்குப் பின்னால் அசுவினியும் வெண்மூட்டுப் பூச்சியும் வந்து நிற்கும்.

யாராவது தவறி மருந்தைக் குடித்துவிட்டால் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்க வேண்டாம், புரை ஏறி நுரையீரலுக்குள் போகும். உடுப்பில் பட்டிருந்தால் கழற்றி உடம்பைக் கழுவுங்கள். போத்தலையும் லேபலையும் கையோடு எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள். 1990 இலக்கத்துக்கு அடித்தால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். வன்னியிலும் அதே இலக்கம்தான்.

நுரையா வேறு எதுவா என்று பிடிபடாவிட்டால், கிளையோடு படமெடுத்து உங்கள் பகுதி விவசாயப் போதனாசிரியரிடம் காட்டுங்கள். விவசாயத் திணைக்களத்தின் 1920 இலக்கத்திலும் கேட்கலாம், தமிழிலும் பேசலாம். அக்கா பஸ்ஸில் போத்தல் அனுப்பவில்லை. மல்லிகைக்குத் தண்ணீர் அடிக்க ஒரு பழைய குழாய்த் துண்டைச் சுற்றிக் கட்டிக் கொடுத்துவிட்டார்.