வகுப்பறையில் வாத்துக் குஞ்சு

வாத்து முட்டை பொரிக்க 28 நாள், சரியாக நான்கு வாரம். செவ்வாயன்று வைத்தால் குஞ்சும் செவ்வாயையொட்டியே வரும், பள்ளி விடுமுறையில் சிக்காது. இன்குபேட்டரில் வெப்பம் 37.5 டிகிரி செல்சியஸ்; 25-ஆம் நாள் வரை தினமும் மூன்று முறையாவது முட்டையைத் திருப்ப வேண்டும். கிராமத்துப் பள்ளிக்கு ஓர் அடைக்கோழியே போதும்.

ஏழாம் நாள் இருட்டறையில் முட்டைக்கு அடியில் டார்ச் அடித்தால், சிலந்தி வலை போலச் சிவப்பு இழைகள் தெரியும். நடுவே ஒரு கரும்புள்ளி அசையும். பிள்ளைகள் மறக்கவே மாட்டார்கள்.

ஓட்டில் விரிசல் விழுந்தபின் குஞ்சு வெளிவர ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். அவசரப்பட்டு ஓட்டை உரித்தால் ரத்தம் கசிந்து குஞ்சு இறக்கக்கூடும்.

முதல் வாரம் விளக்குச் சூடு 32 டிகிரி. குடிநீர் மூக்குத் துளை நனையும் ஆழத்துக்கு இருக்கட்டும். ஆனால் நீந்த விட வேண்டாம். தாயில்லாக் குஞ்சின் மென்மயிரில் எண்ணெய்ப் பூச்சு போதாது, நனைந்தால் விறைத்துவிடும். குஞ்சைத் தொட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுவது கட்டாயம், சால்மோனெல்லா கிருமி தொற்றலாம்.

வளர்ந்த வாத்துகள் யார் வீட்டுக்குப் போகும் என்பதை முட்டை வாங்கும் முன்பே பேசி முடிக்க வேண்டும்.