மாமன் மகனிடம் சொல்ல வேண்டியது

அவிநாசி

அன்புள்ள கண்ணு,

உன் கேள்வி வந்து சேர்ந்தது. கராத்தேயில் நீ பழகும் ஷிட்டோ ரியூ உசத்தியா, கியோகுஷின் உசத்தியா? கோயம்புத்தூரில் கியோகுஷின் பழகும் உன் மாமன் மகன், "உங்களுது டான்ஸ், எங்களுதுதான் சண்டை" என்று பார்க்கும்போதெல்லாம் வம்புக்கு இழுக்கிறானாம். அவன் வாயை அடைக்க ஒரு பதில் வேண்டும் என்கிறாய். வாயடைக்கிற பதில் என்னிடம் கிடையாது. ஆனால் அந்த 'டான்ஸ்' பேச்சு இருக்கிறதே, அதை நம்மூரில் டீக்கடையிலிருந்து பனியன் கம்பெனி வாசல்வரை கேட்டுச் சலித்துவிட்டேன். செல்போனில் அரை நிமிஷ வீடியோ பார்த்தவனெல்லாம் தீர்ப்புச் சொல்கிறான். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பிரவுன் பெல்ட்காரிக்குக் கட்டா எது, குமிதே எது என்று விளக்கப்போவதில்லை. நேராக டோக்கியோவுக்குப் போவோம்.

2021 ஆகஸ்ட் 7. நிப்பான் புடோகான் அரங்கம். ஒலிம்பிக்கில் கராத்தேவுக்குக் கிடைத்த மூன்று நாளில் அது கடைசி நாள். ஆண்கள் 75 கிலோவுக்கு மேற்பட்ட பிரிவின் இறுதிப் போட்டி. சவூதியின் தாரிக் ஹமேதி நாலுக்கு ஒன்று என்று முன்னிலையில் இருக்கிறார். எதிரே ஈரானின் சஜாத் கஞ்ஜாதே. ஹமேதியின் கால் ஒன்று உயர்ந்து கழுத்துக்கும் தலைக்கும் நடுவே போய் விழுகிறது. கஞ்ஜாதே அப்படியே மல்லாந்தார். எழவில்லை. மருத்துவர்கள் ஓடிவந்தார்கள், ஸ்ட்ரெச்சரில் தூக்கிப் போனார்கள். நடுவர்கள் கூடிப் பேசினார்கள். தீர்ப்பு வந்தது: அளவு மீறிய அடி, ஹமேதி தகுதி நீக்கம். தங்கம் ஸ்ட்ரெச்சரில் போனவருக்கு. நினைவு திரும்பிய பிறகுதான் தான் ஒலிம்பிக் சாம்பியன் என்பதே கஞ்ஜாதேவுக்குத் தெரிந்தது. சவூதிக்கு வந்திருக்க வேண்டிய முதல் ஒலிம்பிக் தங்கம் வெள்ளியாகிப் போனது.

உலகமே சிரித்தது. உன் மாமன் மகனும் சிரித்திருப்பான். அடித்தவன் தோற்றான், விழுந்தவன் ஜெயித்தான், இது என்ன விளையாட்டு என்றார்கள். நான் சிரிக்கவில்லை. இன்னொரு உதை ஞாபகம் வந்தது.

1991, அதே டோக்கியோ. கியோகுஷின்காரர்களின் ஐந்தாவது உலக ஓப்பன் போட்டி. ஸ்விட்சர்லாந்தின் ஆண்டி ஹுக்கும் பிரேசிலின் ஃபிரான்சிஸ்கோ ஃபில்ஹோவும் மோதுகிறார்கள். நேரம் முடிந்ததற்கான ஒலி எழுகிறது. ஹுக் தளர்கிறார். அந்தக் கணத்தில் ஃபில்ஹோவின் கால் ஹுக்கின் தலையில் இறங்குகிறது. ஹுக் தரையில். நேரம் முடிந்த பிறகு விழுந்த உதை செல்லுமா? செல்லும் என்றார்கள். வீரன் ஒரு கணமும் விழிப்பை விடக் கூடாது என்பது அவர்கள் கொள்கை. ஃபில்ஹோ வென்றார்.

இரண்டு உதையையும் பக்கத்தில் வைத்துப் பார், கண்ணு. ஒருவர் ஆட்டம் நடக்கும்போதே சுத்தமாக உதைத்தார், தோற்றார். இன்னொருவர் ஆட்டம் முடிந்தபின் உதைத்தார், வென்றார். உதையில் என்ன வித்தியாசம்? ஒன்றுமில்லை. இரண்டும் ஒகினாவாத் தீவிலிருந்து வந்த ஒரே வித்தைதான். மாறியது சட்டப் புத்தகம். உலகக் கராத்தே கூட்டமைப்பின் விதியில் தலைக்கு விழும் உதைக்கு மூன்று புள்ளி உண்டு. ஆனால் அடியை அடக்கத் தெரிய வேண்டும். அடக்கத் தெரியாதவனுக்குத் தண்டனை. கியோகுஷின் விதியில் எதிராளியை வீழ்த்துவதுதான் குறி.

நம்ம ஊர்ப் பிள்ளை நீ, உனக்கு இதை மிஷினை வைத்தே சொல்லலாம். ஒரே கோன் நூலை சிங்கிள் ஜெர்சி மிஷினில் ஓட்டினால் ஓரம் சுருளும் துணி வருகிறது, இண்டர்லாக் மிஷினில் ஓட்டினால் சுருளாத துணி வருகிறது. துணியைப் பிடித்துப் பார்த்துவிட்டு நூலைக் குறை சொல்கிறவனை எந்த நிட்டிங் கம்பெனியிலாவது வேலைக்கு வைப்பார்களா? ஸ்டைல் என்று நீங்கள் இருவரும் எதைப் பிடித்துக்கொண்டு சண்டை போடுகிறீர்களோ, அதில் பாதிக்கு மேல் போட்டி விதி நெய்து தந்தது. இது என் சொந்தக் கொள்கை. அவனும் ஒப்புக்கொள்ளமாட்டான், உன் மாஸ்டரும் ஒப்புக்கொள்ளமாட்டார். எனக்குக் கவலையில்லை.

கியோகுஷினை எடுத்துக்கொள். அதை நிறுவிய மாஸ் ஒயாமா கொரியாவில் பிறந்தவர். ஷோட்டோகானும் கோஜு ரியூவும் பயின்றவர். அடி படாத கராத்தேவில் நம்பிக்கை இல்லாமல் தன் வழியை அமைத்தார். கையுறை கிடையாது, கவசம் கிடையாது. ஆனால் வெறும் முஷ்டியால் முகத்தில் குத்தினால் பல்லும் போகும், குத்தியவன் விரலும் போகும். ஆகவே முகத்தில் கை கூடாது என்றார்கள். கால் மட்டும் போகலாம். அந்த ஒரு தடையால் என்ன ஆனது? முகத்துக்குக் குத்து வராது என்று தெரிந்ததும் இருவரும் நெஞ்சோடு நெஞ்சு ஒட்டி நிற்கிறார்கள். கை இறங்கிவிடுகிறது. விலாவிலும் தொடையிலும் மாறி மாறி அடி. அதைத் தாங்குகிற உடம்பு, பார்க்கவே பயமாக இருக்கும். மதிக்கிறேன். ஆனால் அந்த ஹுக் 1994இல் கையுறை போட்டுக்கொண்டு கே-1 கிக்பாக்ஸிங் கிராண்ட் பிரியில் இறங்கி, 20 விநாடிக்குள் பாட்ரிக் ஸ்மித்திடம் விழுந்தார். பிறகு குத்துச்சண்டையைக் கற்றுக்கொண்டு, 1996இல் அதே கே-1 கிராண்ட் பிரியை வென்றார். 2000இல், 35 வயதில், ரத்தப் புற்றுநோயில் போய்விட்டார். அவர் சண்டைகளைத் தேடிப் பார். ஸ்டைலை நம்பி உட்கார்ந்திருந்தால் அந்த 20 விநாடியோடு அவர் கதை முடிந்திருக்கும்.

ஒயாமாவிடமிருந்து பிரிந்த தகாஷி அசுமா இதைப் புரிந்துகொண்டவர் என்பேன். 1981இல் தைடோ ஜுக்கு என்று தனியாகத் தொடங்கி, முகத்தை மூடும் கண்ணாடித் தலைக்கவசம் மாட்டிவிட்டார். இனி முகத்திலும் குத்தலாம், தூக்கியும் போடலாம். அதுதான் கூடோ. நம் நாட்டில் நடிகர் அக்ஷய் குமார் போட்டி நடத்துகிறாரே, அதே கூடோ.

இப்போது உன் பக்கம். புள்ளிக் கராத்தேயில் முதலில் தொட்டவனுக்குப் புள்ளி, உடனே ஆட்டம் நிற்கும். ஆகவே தூரத்தில் நிற்கப் பழகுகிறாய். மின்னலாய் உள்ளே போய், தொட்டு, வெளியே வருகிறாய். இதில் ஒரு கெட்ட பழக்கமும் சேர்ந்து வந்திருக்கிறது. குத்திவிட்டு முதுகைக் காட்டிக்கொண்டு, நடுவரைப் பார்த்துக் கத்திக்கொண்டே போவது! மாவட்டப் போட்டிகளில் இதைப் பார்க்கிறபோதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நீ அதைச் செய்வாயானால் இன்றே நிறுத்து. சண்டை நடக்கும்போது முதுகு காட்டக் கற்றுத்தருகிற விதியை யார் எழுதினார்களோ தெரியவில்லை. எழுதியிருக்கவும் மாட்டார்கள், தானாக முளைத்தது.

இந்தப் போட்டிகளையே விரும்பாத ஒருவர் இருந்தார்: ஷோட்டோகானின் தந்தை கிச்சின் ஃபுனகோஷி. ஒகினாவாவில் ஆரம்பப் பள்ளி வாத்தியார். 1922இல் டோக்கியோவுக்குப் போனவர், அங்கேயே தங்கி, ஒகினாவா மாணவர் விடுதி ஒன்றில் காவலாளியாகவும் துப்புரவாளராகவும் இருந்துகொண்டு கராத்தே கற்றுக்கொடுத்தார். அவருடைய தன்வரலாற்றை நான் அடிக்கடி எடுத்துப் படிப்பேன். அதில் அவர் புயல் அடிக்கும்போது கூரைமேல் ஏறி, கையில் ஒரு பாய்த் தட்டியைப் பிடித்துக்கொண்டு, காற்றை எதிர்த்து நின்று பழகுகிற இடம் ஒன்று உண்டு. கராத்தே புத்தகத்தில் எதிராளியே இல்லாத இந்த இடம்தான் எனக்குப் பிடித்தது. சரி, பேச்சு எங்கேயோ போகிறது. சொல்ல வந்தது இது. அவருக்கு மோதிப் பார்க்கும் பயிற்சி பிடிக்காது. அது வேண்டும் என்ற அவருடைய மாணவர் ஹிரோனோரி ஓட்சுகா பிரிந்துபோய் வாடோ ரியூவைத் தொடங்கினார். ஃபுனகோஷி இறந்த 1957ஆம் ஆண்டிலேயே ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது. பெரியவர் கண்ணை மூடும்வரை காத்திருந்தார்களோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

இனி நம் ஊர்ப் பக்கம் வருகிறேன். சார்பட்டா பரம்பரை படம் பார்த்திருப்பாய். ஹமேதி உதைத்ததற்கு இரண்டு வாரம் முன்புதான், 2021 ஜூலையில் வந்தது. வடசென்னையில் சார்பட்டா, இடியாப்ப நாயக்கர் என்று குத்துச்சண்டைப் பரம்பரைகள் மெய்யாகவே இருந்தன. வாத்தியார் வேறு, காலடி வேறு, கௌரவம் வேறு. ஆனால் மேடை ஒன்று. அதே கையுறை, அதே ரவுண்டு, அதே மணி. தோற்றவன் தோற்றேன் என்றுதான் வீட்டுக்குப் போக வேண்டும். கராத்தேக்காரர்கள் செய்தது என்ன? ஆளுக்கொரு மேடை கட்டிக்கொண்டார்கள். அவரவர் மேடையில் அவரவரே ராஜா. அதனால்தான் இந்தப் போட்டி முடியவே முடியாது. யாருக்கும் தோல்வியை ஒப்புக்கொள்ள வேண்டிய கட்டாயம் இல்லை. போகிற போக்கில் மாமன் மகனிடம் ஒன்று கேள்: அந்தப் படத்தில் எல்லாரும் பயந்த ஆட்டக்காரன் பெயர் என்ன? டான்சிங் ரோஸ்.

பொது மேடை ஒன்று கடைசியில் வரத்தான் செய்தது: எம்.எம்.ஏ. என்கிற கலப்புச் சண்டை. பிரேசிலில் குடியேறிய ஜப்பானிய ஷோட்டோகான் ஆசிரியர் யோஷிசோ மச்சிடா. அவர் மகன் லியோட்டோ மச்சிடா 2009 மே மாதம், அதுவரை தோல்வியே அறியாத ரஷாத் எவன்ஸை இரண்டாவது ரவுண்டில் வீழ்த்தி, யு.எஃப்.சி. லைட் ஹெவிவெயிட் பட்டத்தை வாங்கினார். எதைக் கொண்டு? நீ பழகுகிற அதே தூரத்தைக் கொண்டு. எட்டாத இடத்தில் நிற்பது, எதிராளி எட்டி வரும் கணத்தில் உள்ளே பாய்ந்து குத்துவது. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் பழகி வந்தவர்களுக்கு அந்தத் தாளமே பிடிபடவில்லை. 'டான்ஸ்' என்று ஒதுக்கியதால் யாரும் அதற்கு எதிராகப் பழகியிருக்கவும் இல்லை. ஆனால் துள்ளாதே. அந்தப் பட்டத்துக்கு எதிர்த்து வந்த மௌரிசியோ ருவா அவருடைய முன்னங்காலைத் தொடை உதைகளால் குறிவைத்தார். முதல் சந்திப்பில் தீர்ப்பு மச்சிடாவுக்குப் போனது, பலர் முணுமுணுத்தார்கள். 2010 மே மாதம் மறுசந்திப்பில் ருவா முதல் ரவுண்டிலேயே அவரை வீழ்த்திவிட்டார். தொடை உதை உன் போட்டியில் தடை. மாமன் மகனுக்கோ அது தினப்படிச் சோறு. மச்சிடாவும் வெறும் ஷோட்டோகான் ஆள் இல்லை, ஜியு ஜிட்சுவில் பிளாக் பெல்ட், சுமோவும் பழகியவர்.

எதிராளி இல்லாமல் தனியே செய்து காட்டும் கட்டாவைப் பற்றி இரண்டு வரி. டோக்கியோவில் ஆண்கள் கட்டா தங்கம் ரியோ கியுனாவுக்கு. அவர் ஒகினாவாக்காரர், பழகியது ரியூயெய் ரியூ. ஷோட்டோகான், கோஜு, ஷிட்டோ, வாடோ என்று பெரிய நான்கைத் தவிர மற்றதெல்லாம் சில்லறை என்று உங்கள் கிளாஸில் யாராவது சொன்னால் இந்தப் பெயரைச் சொல். நம் தமிழ்நாட்டில் ஷிஹான் ஹுசைனி பரப்பியதும் அந்த நான்கில் சேராத இஷின் ரியூ. 1956இல் ஒகினாவாவில் தட்சுவோ ஷிமாபுக்கு தொடங்கியது. முஷ்டியைத் திருப்பாமல் கட்டைவிரல் மேலே இருக்கக் குத்துவார்கள். புன்னகை மன்னனில் நடித்த ஹுசைனி 2025 மார்ச்சில் காலமானார்.

கடைசியாக ஒன்று. இங்கே நடக்கிற ஸ்டைல் சண்டையில் முக்கால்வாசி ஸ்டைலைப் பற்றியதே இல்லை, சர்டிபிகேட்டைப் பற்றியது. 2020இல் உலகக் கராத்தே கூட்டமைப்பு நம் கராத்தே அசோசியேஷன் ஆஃப் இந்தியாவின் அங்கீகாரத்தை நிறுத்தியது. நிர்வாகிகளின் கோஷ்டிச் சண்டையில், வியர்வை சிந்திய பிள்ளைகள் நடுத்தெருவில் நின்றார்கள். பிறகு கராத்தே இந்தியா ஆர்கனைசேஷன் வந்தது. இன்றும் கல்யாண மண்டபத்தை வாடகைக்குப் பிடித்து 'இன்டர்நேஷனல் சாம்பியன்ஷிப்' நடத்தி, வந்த பிள்ளைகளுக்கெல்லாம் கோப்பை கொடுக்கிறார்கள். தெரிந்த ஒரு பள்ளியில் ஆறாம் வகுப்புக் குழந்தை பிளாக் பெல்ட் கட்டிக்கொண்டு நின்றது. ஒழுங்காக ஒரு தடுப்புப் போடத் தெரியவில்லை. அதன் அப்பா பவர்டேபிளில் ஓவர்டைம் பார்த்துக் கட்டிய பணம் அது.

ஆகவே மாமன் மகனிடம் இப்படிச் சொல். லீவில் இருவரும் ஒரு பாக்சிங் கோச்சைப் பிடியுங்கள். கையுறை, பல் கவசம், தலைக்கவசம் போட்டுக்கொண்டு, அவர் மேற்பார்வையில், மெதுவாக, முகத்துக் குத்தும் தொடை உதையும் இரண்டும் உண்டு என்ற விதியில் பழகிப் பாருங்கள். அவன் கையை உயர்த்தக் கற்றுக்கொள்வான், நீ முன்னங்காலைக் காப்பாற்றக் கற்றுக்கொள்வாய். அடுத்த பெல்ட் டெஸ்டுக்குப் பணம் கட்டும் முன், சர்டிபிகேட்டில் கையெழுத்துப் போடும் சங்கம் எது, விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு அது செல்லுமா என்று எழுத்தில் கேட்டு வாங்கு. தர மறுத்தால் கட்டாதே.

அன்புடன்,
உன் பழைய வாத்தியார்