மேலே எழுதிய மொத்தம் உள்ளே ஏன் செல்லவில்லை?

கேள்வி: பைத்தானில் ரப்பர் ஷீட் எடைகளைக் கூட்ட, மேலே ‘மொத்தம் = 0’ என்று எழுதினேன். ஃபங்ஷனுக்குள் ‘மொத்தம் = மொத்தம் + எடை’ என்றால் பிழை வருகிறது. ‘குளோபல்’ சேர்த்தால் ஓடுகிறது. எல்லாவற்றையும் குளோபலாகவே வைத்தால் என்ன? (வாசகி, காரக்கோணம்)

பதில்: ஃபங்ஷனுக்குள் எங்காவது ஒரு பெயருக்கு மதிப்பு கொடுத்தால், பைத்தான் அந்தப் பெயரை அந்த ஃபங்ஷனுக்கே சொந்தமாக்கிவிடும். எனவே வலப்பக்கத்து ‘மொத்தம்’ நீங்கள் வெளியே வைத்த 0 அல்ல. இன்னும் மதிப்பே ஏறாத வேறொரு மொத்தம். மதிப்பை மாற்றாமல் படிக்க மட்டும் செய்திருந்தால் வெளியே உள்ளது தெரிந்திருக்கும். இந்தக் கெடுபிடி நல்லதுக்குத்தான். குளோபலாக வைத்து 12, 15 கிலோ சேர்த்தால் 27; நிரலை நிறுத்தாமல் அதே ஃபங்ஷனை மறுநாள் கணக்குக்கும் ஓட்டினால் குளோபல் மொத்தம் 27-லிருந்தே தொடங்கும். பிழைச்செய்தி எதுவும் வராது, கணக்கு மட்டும் தப்பும். கணினி அறிவியலாளர்கள் வில்லியம் வுல்ஃபும் மேரி ஷாவும் குளோபல் மாறிகளின் தீங்கைப் பற்றி 1973-லேயே கட்டுரை எழுதினார்கள். பத்து வரி நிரலில் இவ்வளவு கவனம் எதற்கு என்று கேட்கலாம். நியாயம்தான், மாறாத விலை, வரி விகிதம் போன்றவை வெளியே இருக்கட்டும். மாறும் மொத்தத்தை மட்டும் ஃபங்ஷனுக்கு உள்ளீடாகக் கொடுத்து, கூட்டியதை ‘ரிட்டர்ன்’ மூலம் திரும்ப வாங்கி, ‘மொத்தம் = கூட்டு(மொத்தம், எடை)’ என்று எழுதுங்கள். எண் எங்கே மாறியது என்பது அந்த வரியிலேயே தெரியும்.